முதுமை ஆராய்ச்சிக்கு எந்த டேட்டா எடுக்கலாம்: ஹெச்ஆர்எஸ், ஷேர், லாசி, கேட்வே

வயசானவங்கள பத்தி பிஹெச்டி பண்ண வர்றவங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "எந்த டேட்டா எடுக்கலாம்?"னுதான். ஆராய்ச்சிக் கேள்வி என்னன்னு இன்னும் முடிவாகியே இருக்காது. அதுல தப்பில்ல, இந்தத் துறையில பாதி கேள்விய டேட்டாதான் முடிவு பண்ணுது. நான் இங்க எடுத்துக்கிறது வயசானவங்ககிட்ட உடம்பு, பணம், குடும்பம் பத்தி கேட்டு எடுக்குற மூணு பெரிய சர்வே, அதாவது அமெரிக்காவோட ஹெச்ஆர்எஸ், ஐரோப்பாவோட ஷேர், இந்தியாவோட லாசி, அப்புறம் இதையெல்லாம் ஒரே அமைப்புக்குக் கொண்டுவந்து குடுக்கிற கேட்வே ஃபைல். பொது டேட்டா எல்லாமே ஆராய்ச்சிக்கு இலவசம், பேர பதிவு பண்ணி நிபந்தனைய ஒத்துக்கணும் அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமா படுறது ஒண்ணுதான். ஒரே ஆள எத்தன தடவ திரும்பத் திரும்பப் போய் கேட்டிருக்காங்க? சாம்பிள் எவ்வளவு பெருசுங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

அந்தக் கணக்குல ஹெச்ஆர்எஸ்ஸ அடிச்சுக்க ஆளில்ல. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992ல ஆரம்பிச்சது, 50 வயசு தாண்டினவங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 20,000 பேர், ஆறு வருஷத்துக்கு ஒரு தடவ புது தலைமுறைய உள்ள சேக்குறாங்க. வீட்டுல இருந்து சாம்பிள் எடுத்தாலும் அவங்க பின்னாடி முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனா அங்கயும் தேடிப் போய் கேக்குறாங்க. ஆள் இறந்துட்டா கூட விடறதில்ல, துணையையோ பிள்ளையையோ கேட்டு கடைசிக் காலம் எப்படி இருந்துச்சு, யார் பாத்துக்கிட்டாங்க, செலவு யார் பண்ணாங்கன்னு எக்ஸிட் இன்டர்வியூ எடுக்குறாங்க. வாழ்க்கையோட கடைசிக் கட்டத்த பத்தி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இதுக்கு ஈடா இன்னொன்ன நான் பாத்ததில்ல.

ஆனா சர்வேல வந்தபடியே குடுக்கிற ரா ஃபைல திறந்தா தல சுத்தும். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குற அதே கேள்வி 2006ல கேசி001, 2008ல எல்சி001, இப்படி ஒவ்வொரு சுத்துக்கும் முன்னால உள்ள எழுத்து மாறிக்கிட்டே போகும். அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனமான ராண்ட் சுத்தம் பண்ணின ஃபைல்ல அந்தத் தொல்லை இல்ல, ஆர்னு இருந்தா பதில் சொன்னவர், எஸ்னு இருந்தா துணை, ஹெச்னு இருந்தா குடும்பம், அடுத்து வர்ற நம்பர் எத்தனாவது சுத்துன்னு சொல்லிடும். புதுசா வர்றவங்க கண்ண மூடிக்கிட்டு ராண்ட் ஃபைல்ல இருந்து ஆரம்பிக்கலாம், எக்ஸிட் இன்டர்வியூ மாதிரி விஷயம் வேணும்ங்கிறப்போ மட்டும் ராவுக்குப் போங்க.

ஷேர் 2004ல ஆரம்பிச்சது, இப்போ இஸ்ரேலையும் சேத்து 28 நாடு. ஓய்வு வயசு, பென்ஷன் விதி, பராமரிப்பு செலவ அரசு ஏத்துக்குமா குடும்பமா, இதெல்லாம் நாட்டுக்கு நாடு வேற. அதனால கொள்கைய பத்தின கேள்விக்கு ஒரு நாட்டு டேட்டாவான ஹெச்ஆர்எஸ்ஸ விட இது மேல். மூணாவது சுத்துல ஷேர்லைஃப்னு சின்ன வயசுல இருந்து நடந்ததையெல்லாம் கேட்டிருக்காங்க, குழந்தைப் பருவ வறுமைக்கும் முதுமை உடல்நிலைக்கும் தொடர்பு தேடுறவங்களுக்கு அது புதையல். குறைன்னா, நாட்டு வாரியா பிரிச்சா ஆள் எண்ணிக்கை சுருங்கிடும், நிறைய பேர் அடுத்தடுத்த சுத்துக்கு வராம விலகியும் போறாங்க. எட்டாவது சுத்து நடக்குறப்போ 2020 மார்ச்ல கொரோனாவால நேர்காணல நிறுத்திட்டு அப்புறம் போன்ல ஒரு சர்வே எடுத்தாங்க, அந்தக் காலகட்டத்த தொடுறவங்க நேர்ல கேட்ட பதிலையும் போன்ல கேட்ட பதிலையும் யோசிக்காம ஒண்ணா கலக்காதீங்க.

லாசிய பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். முதல் சுத்து 2017-18, 45 வயசுக்கு மேல 72,000 பேருக்கு மேல, மக்கள்தொகை ஆராய்ச்சி நிறுவனமான மும்பை ஐஐபிஎஸ், ஹார்வர்டு, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மூணும் சேந்து பண்ணினது. மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடலாம், ரத்த அழுத்தம், கைப்பிடி பலம்னு அளந்தும் பாத்திருக்காங்க. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இப்படி ஒரு சர்வே வந்ததே பெரிய சாதனை. ஆனா அந்த ஒரு சுத்த மட்டும் வச்சுக்கிட்டு "வயசாக வயசாக நினைவாற்றல் இப்படிக் குறையுது"ன்னு எழுதுறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. அதுல இருக்கிற 80 வயசுப் பாட்டியும் 60 வயசு அம்மாவும் வேற வேற தலைமுறை, பாட்டி காலத்துல பள்ளிக்கூடம் போன பொண்ணுங்க ரொம்பக் கம்மி. பத்து வார்த்தைய ஞாபகம் வச்சு சொல்லுங்கன்னு கேட்டா வர்ற வித்தியாசத்துல எவ்வளவு வயசால வந்தது, எவ்வளவு படிப்பால வந்ததுன்னு ஒரே சுத்த வச்சு முழுசா பிரிக்கவே முடியாது. மறதி நோய பத்தியே பண்ணணும்னா லாசி டாட்னு தனி ஆய்வு இருக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் பொருந்துற மாதிரி சோதனைகள மாத்தி எடுத்தது, அதுக்குப் போங்க.

சரி, கேட்வே? நாடுகள ஒப்பிடணும்னா பல மாச வேலைய மிச்சம் பண்ணும். மாறியோட (வேரியபிளோட) பேரு ராண்ட் பாணியிலயே இருக்கும், எந்தக் கேள்வி எந்த நாட்டுல எப்படிக் கேட்டாங்கன்னு டேட்டாவோட வர்ற விளக்கக் கையேடான கோட்புக்ல வித்தியாசத்தையும் எழுதி வச்சிருக்காங்க. அந்தப் பகுதிய படிக்காம டவுன்லோடு பண்ணி ரன் பண்றவங்கதான் மாட்டுறாங்க. பேரு ஒண்ணா இருந்தா அளவும் ஒண்ணுன்னு அர்த்தமில்ல. உடல்நிலைக் கேள்வியையே எடுத்துக்கோங்க, ஒரு அளவுகோல் "எக்சலன்ட்"ல ஆரம்பிச்சு "புவர்"ல முடியும், இன்னொன்னு "வெரி குட்"ல ஆரம்பிச்சு "வெரி பேட்"ல முடியும், ஷேர் முதல் சுத்துல ரெண்டையும் கேட்டிருக்காங்க. பதில் விழற விதமே வேற. அதோட, ஒரு நாட்டுக்கே உரிய கேள்விகள்ல நிறைய கேட்வே ஃபைல்ல அடங்காது, அதுக்கு மூல டேட்டாவுக்குத்தான் போகணும்.

இறப்பு விகிதம் மட்டும் போதும்ங்கிறவங்களுக்கு வேற போட்டி. ஹியூமன் மார்ட்டாலிட்டி டேட்டாபேஸ் பிறப்பு இறப்புப் பதிவு நல்லா இருக்கிற நாப்பது நாடு அளவுக்குத்தான் தருது, இந்தியா அதுல கிடையாது. ஐநாவோட 2024 மக்கள்தொகை மதிப்பீடு 237 நாடு, பகுதிகளுக்கு 1950ல இருந்து தருது. ஆனா பதிவு சரியில்லாத நாடுகளுக்கு அதுல வர்ற 80 வயசுக்கு மேலான எண்கள் நேரடியா எண்ணினது இல்ல, கணித மாடல் போட்டு எடுத்தது, அத வச்சு முதியோர் இறப்பு பேட்டர்ன ஆராய்ஞ்சா நீங்க ஆராயறது மாடலத்தான்.

என் பரிந்துரை கேட்டா: காலப்போக்குல ஆள் எப்படி மாறுறார்ங்கிறது கேள்வின்னா ஹெச்ஆர்எஸ். சட்டமும் கொள்கையும் கேள்வின்னா ஷேர். ஒரே நாட்டுக்குள்ள இருக்கிற ஏற்றத்தாழ்வுன்னா லாசி, ஆனா கட்டுரைத் தலைப்புல "மாற்றம்"ங்கிற வார்த்தைய மட்டும் போடாதீங்க. எதையாவது ரெண்ட சேத்து ஓட்டுறதா இருந்தா முதல்ல வயசு வரம்ப சமமாக்குங்க. அப்புறம் வெயிட்ட பாருங்க, அதாவது ஒவ்வொரு ஆளும் மக்கள்தொகைல எத்தன பேருக்குப் பதிலா நிக்கிறார்ங்கிற எண்ண; ஹெச்ஆர்எஸ்ல துணைய எந்த வயசா இருந்தாலும் நேர்காணல் எடுப்பாங்க, அதனால 40 வயசு மனைவியும் ஃபைல்ல இருப்பாங்க, தகுதி வயசு இல்லாததால அவங்க வெயிட் பூஜ்யம். வெயிட் போடாம சராசரி எடுத்தா அவங்களும் உள்ள வந்து உக்காந்துடுவாங்க.