டீக்கடைக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டு ஆபீஸ்: டிசபிலிட்டி பென்ஷனும் என் எட்டு வருட அனுபவமும்

எட்டு வருடமாக நான் பயன்படுத்திவரும் ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறேன்: பட்டாளத்திலிருந்து வந்தவர்களின் பென்ஷன் காகிதங்களைப் படித்து வழி சொல்வது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும்வரை நடக்கும். வேலூரிலிருந்து கணியம்பாடி போகும் வழியில் ஒரு டீக்கடை, அதன் பின்புறம் புங்கமரம், மரத்தடியில் இரண்டு பெஞ்சு. அவ்வளவுதான் ஆபீஸ்.

இந்தப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால் பென்ஷன் பேச்சும் அதிகம். நான் 2016 அக்டோபரில், 24 வருட சர்வீஸ் முடித்து ஹவில்தாராக வந்தேன். ஏஎஸ்சி என்கிற ராணுவ சப்ளை, போக்குவரத்துப் பிரிவில் டிரைவர். ஊருக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “இன்னாப்பா, மாசம் எவ்ளோ வருது?”

புங்கமரத்தடியில் மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. அங்கே ஒரு சுபேதார் அண்ணன் இருக்கிறார், ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சர்வீஸ் முழுக்க கிளார்க். பட்டாளத்தில் இருக்கும்போது கிளார்க் என்றால் எங்களுக்கு இளக்காரம். மலையில் வண்டி ஓட்டுகிறவன் நாம், ஹீட்டர் பக்கத்தில் பேனா பிடிக்கிறவன் அவன் என்று பேசிக்கொள்வோம். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 2017இல் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: “மெடிக்கல் போர்டு பேப்பர் கொண்டாந்தியா?”

நான் கொண்டுபோனது, டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்ற நிராகரிப்புக் கடிதம் மட்டும். ஓய்வுக்கு முன் நடக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டில் எனக்கு ரத்த அழுத்தம், 30 சதவீதம், ஆயுளுக்கும் என்று போட்டிருந்தார்கள். ஆனால் அது பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று முடிவு. இதை ஆங்கிலத்தில் எழுதி முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நானா’ என்று வரும். பட்டாளம் முழுக்க அதற்கு அதுதான் பெயர். நம் காதில் அது கேள்வியாக விழுகிறது. “உனக்கு நோய் கொடுத்தது யாரு, நானா?” என்று சர்க்காரே கேட்பதுபோல.

சதவீதக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் வந்த காலத்து விதிப்படி, சாதாரணமாகச் சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், அது பணியோடு தொடர்புடையது என்றும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். இரண்டும் இருந்தால் சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் டிசபிலிட்டி எலிமெண்ட் என்கிற ஊனத்துக்கான தொகை வரும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். என் அடிப்படை ஊதியம் 39,200, எம்எஸ்பி என்கிற மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, ஆக 44,400. எனக்குப் போட்ட 30 சதவீதத்துக்கு மாதம் 3,996 ரூபாய். அதற்கு மேல் ‘ரவுண்டிங் ஆஃப்’ என்று ஒன்று இருக்கிறது: 50க்குக் கீழே இருந்தால் 50, ஐம்பதிலிருந்து 75 வரை 75, அதற்கு மேலே 100. அப்படிப் பார்த்தால் என் கணக்கு 6,660 ஆகிவிடும், அதன்மேல் அகவிலைப்படி. முதலில் இது உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, முழு சர்வீஸ் முடித்தவர்களுக்கும் வழி திறந்தது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. ‘நானா’ என்றால் கதை முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

சுபேதார் அண்ணன் முதலில் செய்யச் சொன்னது தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, மெடிக்கல் போர்டு நடவடிக்கை முழுவதையும் நகல் கேட்டோம். ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 என்கிற அந்தப் படிவம் வந்தபோது, அடுத்த ஞாயிறு அதை அவர் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு வரியாக. டீ ஆறிப்போனது. மூன்றாம் பக்கம் போவதற்குள் நிறுத்தி, “தம்பி, நோய் கண்டுபிடிச்சது 2013 ஜூன். அதுக்கு முன்னாடி எங்க இருந்த?” என்றார்.

லடாக்கில், லேவில் இருந்தேன். 2010 அக்டோபரிலிருந்து 2013 ஏப்ரல் வரை. கான்வாயில் ரேஷன் ஏற்றிக்கொண்டு கர்துங் லா கணவாய் ஏறி இறங்கியது எத்தனை முறை என்று கணக்கே இல்லை.

“பின்ன ஏன் இங்க அத எழுதல?”

படிவத்தின் முதல் பகுதியில் எங்கெங்கே பணி செய்தோம், அது பீஸ் ஸ்டேஷனா (அமைதியான இடம்), ஃபீல்டா (களப்பணி), ஹை ஆல்டிட்யூடா (உயர்ந்த மலை) என்று நாமே எழுதித் தர வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. அதில் லே பணிக்காலத்துக்கு யூனிட் பெயரை மட்டும் எழுதிவிட்டு, எந்த வகை என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். என் கையெழுத்து, என் சோம்பேறித்தனம். அன்று மத்தியானம் டிரெயின் பிடிக்கும் அவசரம். ‘பீஸ் ஸ்டேஷனில் கண்டறியப்பட்டது, எனவே பணியோடு தொடர்பில்லை’ என்று போர்டு எழுதியிருந்ததற்கு நான்தான் வழி விட்டிருக்கிறேன்.

அந்த ஒரு காலிக் கட்டத்தைக் கண்டுபிடித்ததுதான் இந்த ‘சேவை’ எனக்குச் செய்த ஆகப் பெரிய காரியம். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நடைமுறை.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான அப்போதைய வழிகாட்டி நூலில் ரத்த அழுத்தத்துக்கு 43ஆம் பத்தி இருந்தது. அதன்படி நோயாளியின் பணியிடத்தையும் பணிச்சுமையையும் பார்த்தாக வேண்டும். அதை எழுதி, லே பணிக்கான ஆதாரத்தை இணைத்தோம். 2018 ஏப்ரலில் அதுவும் தள்ளுபடி. ஜூனில் இரண்டாவது மேல்முறையீடு, பதில் இல்லை. பதில் இல்லாததும் நல்லதுதான் என்று அண்ணன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது: ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007இன்படி, மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதில் வரவில்லை என்றால் அந்த வழி முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2019 பிப்ரவரியில் சென்னை அமர்வில் மனு போட்டோம்.

வக்கீல் எங்களுக்குள்ளேயே ஒருவர் சொல்லி வந்தவர், நியாயமான ஃபீஸ். அதற்கு முன்பு எங்கள் பெஞ்சுக்கே ஒரு தரகர் வந்தார். வருகிற நிலுவையில் கால் பங்கு தந்தால் போதும், எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒருவர் நம்பி 15,000 முன்பணம் கொடுத்தார். அந்தப் பணமும் திரும்பவில்லை, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக் திரும்பி வரவும் நான்கு மாதம் ஆனது. ஒரிஜினலை யார் கேட்டாலும் தராதீர்கள். மரத்தடி அண்ணனுக்குக்கூட நான் நகல்தான் கொடுத்தேன், அதற்காக அவர் என்னைப் பாராட்டினார்.

கொரோனா காலம் ஒரு பக்கம் ஓடியது. 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது: பணியால் கூடிய நோய், 30 சதவீதம், ரவுண்டிங் ஆஃப் செய்து 50. தீர்ப்பில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் தரம்வீர் சிங் வழக்கு வருகிறது. படையில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அது சர்வீஸில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிற போர்டு காரணம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். 2022 ஜூலையில் திருத்திய பிபிஓ, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணை, கைக்கு வந்தது. மூன்று வருடத்துக்குள் மனு போட்டதால் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்தே நிலுவை கிடைத்தது. இதில் எனக்கு அதிர்ஷ்டம்தான். 1994இல் ஓய்வு பெற்று வந்த ஒரு நாயக் 2018இல்தான் வழக்குப் போட்டார். அவருக்கு மனுத் தேதிக்கு முந்தைய மூன்று வருட நிலுவை மட்டும். நடுவில் போன இருபத்தோரு வருடம் போனதுதான். ஜெயித்த அன்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார், ஆனால் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

இனி இந்தச் சேவையின் குறைகள். எட்டு வருடம் பயன்படுத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதல் குறை, ஒப்பீடு. “அவனுக்கும் பிரஷர்தான், அவனுக்கு 50 வந்துச்சு, எனக்கேன் வரல?” என்பது வாராவாரம் கேட்கும் பாட்டு. நோய் ஒன்றாக இருக்கலாம். தேதி வேறு, போஸ்டிங் வேறு, போர்டு எழுதிய வரி வேறு. இன்னொருவர் மனுவை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய ஒருவர், தான் போகவே போகாத சியாச்சினைத் தன் மனுவில் வைத்து மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது, வதந்தி. 15 சதவீதம் போட்டாலும் கேஸ் போட்டால் 50 ஆகிவிடும் என்று ஒருமுறை பேச்சுக் கிளம்பியது. சர்வீஸ் முடித்து வந்தவருக்கு அது பொருந்தாது. 20க்குக் கீழே என்றால் அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர் நிலை வேறு. அவருக்கு 2014இன் சுக்விந்தர் சிங் தீர்ப்பு துணை இருக்கிறது. யாரோ இரண்டையும் குழப்பிச் சொல்ல, நான்கு பேர் செலவு செய்தார்கள்.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். ஒரு தம்பி வந்து, காது கேட்காததுபோல எப்படிக் காட்டுவது, சதவீதம் கூடுமா என்று கேட்டான். சுபேதார் அண்ணன் அவன் ஃபைலை மூடி அவன் கையிலேயே வைத்து, “டீ குடிச்சிட்டுக் கெளம்பு தம்பி” என்றார். அவ்வளவுதான். அவன் போனபிறகு பெஞ்சில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. எல்லாரும்தான் செய்கிறார்கள் என்றார் ஒருவர். எனக்கு அண்ணன் செய்ததே சரி என்று படுகிறது. பீரங்கிப் படையில் இருந்து நிஜமாகவே காது போன ஒருவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்; நாங்கள் பேசுவதை அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்.

ஊரில் என்னையும் கேட்டார்கள், பிரஷர் எல்லாருக்கும்தான் இருக்கிறது, அதற்கெல்லாமா பென்ஷன் என்று. என் மைத்துனரே கேட்டார். 19 வயதில் ஓட்டத்திலும் மெடிக்கலிலும் தேறி உள்ளே போனவன் மாத்திரைப் பெட்டியோடு திரும்பி வந்தேன், நடுவில் இருந்தது மலை என்றேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 2023 செப்டம்பர் 21 முதல் வந்த புதிய விதிகள் இந்த மாதிரி நோய்களில் இறுக்கிப்பிடிக்கின்றன. முழு சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு டிசபிலிட்டி எலிமெண்ட் என்ற பெயரே மாறி ‘இம்பேர்மெண்ட் ரிலீஃப்’ ஆகிவிட்டது. அதற்கு முன் வந்தவர்களுக்குச் சொன்ன யோசனையை அப்படியே இப்போது வருகிறவர்களுக்குச் சொன்னால் தப்பாகிவிடும். எங்களுக்கே இன்னும் நாக்கில் பழைய விதிதான் வருகிறது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு, பெயரும் ஊரும். பழைய ஆட்களின் டிஸ்சார்ஜ் புக்கில் மாவட்டம் ‘வட ஆற்காடு’. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, மிச்சம் பெயர் மாறி வேலூர் ஆனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆள் வீட்டைவிட்டு நகரவே இல்லை, ஆனால் ஆதாரில் ஒரு மாவட்டம், சர்வீஸ் ரெக்கார்டில் இன்னொன்று. பெயர் இதைவிட மோசம். நமக்கு இருப்பது இனிஷியல். பட்டாளத்தில் அதை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி விடுவார்கள். மனைவி பெயரில் ஒரு எழுத்து மாறினால் பின்னால் குடும்பப் பென்ஷன் நிற்கும். ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் எல்லாம் கணினிக்கு வந்தபிறகு, இந்த மாதிரி வித்தியாசங்களை உயிரோடு இருக்கும்போதே சரிசெய்வதுதான் மரத்தடியின் பாதி வேலை. போன தை மாதம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தகரப் பெட்டியோடு வந்தார். கணவர் இறந்து ஒரு வருடம். பெட்டியில் மெடல், கல்யாணம் போன்ற விவரங்களைச் சர்வீஸ் ரெக்கார்டில் பதிகிற பழைய பார்ட் டூ ஆர்டர், கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் அவர் பெயர் செல்லம்மாள், ஆர்டரில் செல்லம்மா. அந்த ‘ள்’ வர ஐந்து மாதம் பிடித்தது.

மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வேனா? செய்வேன், ஆனால் தனியாக அல்ல. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள், வழக்கு என்று வந்தால் வக்கீலிடம் போங்கள். மரத்தடி எதற்கு என்றால், உங்கள் காகிதத்தை உங்களைவிட நிதானமாகப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்கு.

சுபேதார் அண்ணனுக்கு இப்போது கண்புரை. எழுத்து தெரிவதில்லை என்று வாய்விட்டுப் படிக்கும் வேலையை என்னிடம் தந்துவிட்டார். நான் தடுக்கித் தடுக்கிப் படிக்கிறேன். தப்பாகப் படித்தால் கண்ணை மூடிக்கொண்டே திருத்துகிறார். இந்த ஞாயிறு ஒரு தம்பி வருகிறான். லீவில் வந்திருக்கிறான், வரும் மார்ச்சில் டிஸ்சார்ஜ், போர்டு இன்னும் நடக்கவில்லை. போர்டுக்கு முன்பே எங்களிடம் வருகிற முதல் ஆள் அவன்தான். சேர்ந்த நாளிலிருந்து எல்லா போஸ்டிங்கையும், பீஸா ஃபீல்டா என்று எதிரே குறித்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பென்சிலில்.