20 மாசம், 17,000 கிலோமீட்டர்: பழைய காரும் செவ்வாக்கிழமை வெடியாலயும்

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டம் கோபி பக்கம் தோட்டத்துல தான் எங்க வீடு. 2024 பிப்ரவரில கோயமுத்தூர்ல ஒரு யூஸ்டு கார் ஷோரூம்ல 2016 மாடல் டீசல் ஹேட்ச்பேக் ஒண்ணு 4,35,000 குடுத்து எடுத்தேன், அப்ப 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, இப்ப 85,000. எஞ்சின், ஏசி, மைலேஜ் எதுலயும் கொற சொல்ல மாட்டேன். இங்க எழுத வந்தது கரண்டு சம்பந்தமா நான் பட்ட பாட்டையும் அதுக்காக அந்த ஷோரூம்கிட்ட நடந்த நடையையும் தான்.

கார் எடுத்ததே எங்கய்யனுக்காக. செவ்வாயும் வெள்ளியும் ஈரோட்டுல டயாலிசிஸ், மொத ஷிப்ட்டு, ஆறரைக்கெல்லாம் அங்க இருக்கணும், அஞ்சே காலுக்கு கெளம்பி கவுந்தப்பாடி வழியா போனா சரியா இருக்கும். நாலு மணி நேரம் மெசின்ல படுத்துட்டு வந்து பஸ்ல கம்பியப் புடிச்சு நின்னுட்டு வர்ற மனுசன பாக்க முடியல, அதான் இருந்த காசு, கொஞ்சம் கடன்னு போட்டு எடுத்தது.

மொத மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. பண்ணாரிக்கு போனோம், ஒறம்பரை வீட்டுக்கெல்லாம் போனோம், தெனமும் எங்கியாவது ஓட்டீட்டே இருந்தோம். அது முடிஞ்சு வண்டி செவ்வா வெள்ளிக்கு மட்டும்னு ஆனப்பறம் ஒரு செவ்வாக்கிழமை வெடியால சாவிய திருப்புனா டக் டக் டக்னு சத்தம், மீட்டர் லைட்டெல்லாம் மங்கிப்போச்சு. எங்கய்யன் பைய மடில வெச்சுட்டு முன்சீட்ல உக்காந்துருக்காரு. "ஏஞ்சாமி, டாக்ஸிக்கு சொல்லிப்போடலாமா"ன்னு கேட்டாரு, அந்தக் கொரல் இன்னும் காதுலயே இருக்குது.

ஷோரூமுக்கு போன் பண்ணுனேன். நல்லபடியா தான் பேசுனாங்க, பேட்டரி பழசா இருக்கும் சார்னு சொல்லி புதுசு 60 ஆம்பியர் பேட்டரி போட்டுக் குடுத்தாங்க, அதுக்கு காசு வாங்கல, அத நான் மறைக்கல. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் செவ்வாக்கிழமை அதே கதை. இந்த தடவ வண்டிய கோயமுத்தூருக்கே கொண்டாரச் சொன்னாங்க, ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடறப்ப பேட்டரிய சார்ஜ் பண்றது) சர்வீஸ்னு 4,600 பில்லு. குடுத்துட்டு வந்தேன். அடுத்த செவ்வா மறுபடியும். மூணாவது தடவ கூப்பிட்டப்ப தான் பேச்சு மாறுச்சு: "வாரண்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் தான் சார், எலக்ட்ரிகல் வராது, நீங்க வண்டிய தெனமும் ஓட்டணும், நிறுத்தி வெச்சா எந்த வண்டியா இருந்தாலும் எறங்கத்தான் செய்யும்." பேப்பர எடுத்துப் பாத்தேன், ஆறாவது பக்கத்துல பொடி எழுத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு. வாங்கற அன்னிக்கு கையெழுத்து போடற அவசரத்துல நான் படிக்கல, அது என்ற தப்பு.

இதுக்குள்ள சித்திரைல கோட மழை வந்துச்சு. மழை பேஞ்ச ராத்திரி வண்டி தானா லாக் ஆவறதும் தொறக்கறதும், வைப்பர் சும்மா ஒரு சுத்து சுத்தி நிக்கறதும்னு ஆரம்பிச்சுருச்சு. பிரேக்க மிதிச்சா பின்னால இண்டிகேட்டரும் சேந்து லேசா எரியும். ராத்திரி நாய் கொலைக்கறதுக்கு எந்திரிச்சுப் பாத்தா களத்துல நிக்கற வண்டில உள்ள லைட்டு எரிஞ்சு அணையுது, வீட்ல அம்மா பயந்தே போயிட்டாங்க.

ஒரு நாள் நோட்டுல தேதி போட்டு எழுதிப் பாத்தப்ப தான் எனக்கு வெளங்குச்சு, அஞ்சு தடவ நின்னுருக்கு, அஞ்சும் செவ்வாக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒரு தடவ கூட நிக்கல. செவ்வாய்ல இருந்து வெள்ளிக்கு மூணு நாள், வெள்ளில இருந்து செவ்வாய்க்கு நாலு நாள். அந்த ஒரு நாள் தான் வித்தியாசம். அப்படின்னா வண்டி நிக்கறப்பவே எதோ ஒண்ணு கரண்ட குடிச்சுட்டு இருக்குதுன்னு தான அர்த்தம்.

கோபில ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் இருக்காரு, லாரி டிராக்டர் வயரிங்கெல்லாம் பாக்கறவரு. நோட்ட காட்டுனதும், "தம்பி, வெடியால விட்டுட்டுப் போ, பொழுதோட வா"ன்னாரு. நான் போகல, கூடவே உக்காந்துட்டேன். பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டி நடுவுல மீட்டர போட்டாரு. பானட்ட தொறந்தே வெச்சு லாக்க மட்டும் ஸ்குரூ டிரைவர்ல அமுத்தி மூடுன மாதிரி பண்ணி, எல்லா கதவையும் சாத்தி, சாவிய தூரமா வெச்சுட்டு அரை மணி நேரம் ஒண்ணுமே பண்ணாம உக்காந்துருந்தோம். வண்டில இருக்கற சின்னச் சின்ன கம்ப்யூட்டரெல்லாம் தூங்கறதுக்கு அவ்வளவு நேரம் ஆகுமாம், அதுக்கு முந்தி பாத்தா தப்பான கணக்கு தான் வரும். நல்ல வண்டினா 50 மில்லி ஆம்பியருக்குள்ள நிக்கணும். என்ற வண்டில 420ல நின்னுச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க, 420ன்னா ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-ஹவர். மூணு நாளைக்கு 30, நாலு நாளைக்கு 40. 60 ஆம்பியர் பேட்டரில 40 போயிட்டா டீசல் எஞ்சின எப்படி சுத்தும்? எத்தன புது பேட்டரி போட்டாலும் இதே தான்.

ஃபியூஸ் ஒவ்வொண்ணா புடுங்கிப் பாத்தாரு, ஆடியோ ஃபியூஸ புடுங்குனதும் 420 பொட்டுனு 90க்கு எறங்கிருச்சு. டேஷ்போர்ட கழட்டுனா, பின்னால யாரோ மாட்டுன ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, அதோட மஞ்ச வயரையும் செவப்பு வயரையும் ஒண்ணா முறுக்கி நேர் பேட்டரி லைன்ல குடுத்துருக்காங்க. மஞ்ச தான் எப்பவும் கரண்டு இருக்கற லைனுக்கு போகணும், செவப்பு சாவி போட்டா மட்டும் வர்ற லைனுக்கு போகணும். இப்படி சேத்துட்டா பட்டன அமுத்தி ஸ்கிரீன அணைச்சாலும் உள்ள செட்டு ராத்திரி பூரா முழிச்சுட்டே இருக்கும். மிச்சம் 90ல 60 எங்கன்னு தேடுனா, ஸ்டியரிங்குக்கு கீழ கருப்பு டேப் சுத்துன ஒரு ஜிபிஎஸ் டிராக்கர், சிம் கார்டோட. பழைய ஓனர் காலத்துதா இருக்கும். எங்க வண்டி எங்க போகுது வருதுன்னு மூணு மாசமா யாரு பாத்துட்டு இருந்தாங்களோ, அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் கோவம் வருது. வண்டிய வெரல் வெரலா செக் பண்ணுனோம்னு பேப்பர்ல டிக் போட்டுக் குடுத்தவங்க கண்ணுக்கு இது எப்படி படாம போச்சு?

மழைக்கு வந்த கோளாறு வேற. முன் கண்ணாடி ஒரு தடவ மாத்துனது, மத்த கண்ணாடில எல்லாம் ஒரு வருசக் குறி, இதுல வேற. மாத்துனப்ப பசை சரியா வெக்கல, டிரைவர் காலுக்குப் பக்கத்துல தண்ணி எறங்கி கார்பெட்டு அடில சொதசொதன்னு இருந்துச்சு, அங்க இருந்த எர்த் போல்ட் பச்ச பூத்து கெடந்துச்சு. எர்த் சரியில்லைன்னா கரண்டு வேற வயர் வழியா திரும்பப் பாக்கும், அதான் லாக்கு, வைப்பரெல்லாம் தன்னால ஆடுனது. பின்னால லைட்டு எர்த்தும் துருவேறி இருந்துச்சு, பிரேக்குக்கு இண்டிகேட்டர் எரிஞ்சது அதனால. கண்ணாடிய எடுத்து மறுபடி ஒட்டுனது, எர்த் எல்லாம் சொரண்டி புதுசா போட்டது, ஸ்டீரியோ லைன மாத்துனது எல்லாஞ் சேந்து 9,400 ஆச்சு. கடைசியா மீட்டர் 30ல நின்னுச்சு, எஞ்சின் ஓடறப்ப சார்ஜிங் 14.2 வோல்ட்.

நான் பண்ணுன ஒரு நல்ல காரியம், ஒவ்வொண்ணா கழட்டறப்ப மீட்டரோட சேத்து வீடியோ எடுத்துட்டேன், அண்ணன்கிட்ட கடை பில்லுலயே அளவெல்லாம் எழுதி வாங்கிட்டேன்.

அப்பறம் போன்ல பேசறத நிறுத்திட்டேன். லெட்டரா எழுதி ரிஜிஸ்டர் தபால்ல ஒப்புகை அட்டையோட போட்டேன், அதையே மெயில்லயும் அனுப்பிச்சேன். கோவமா ஒரு வார்த்தை எழுதல. தேதி, அளவு, போட்டோ, அப்பறம் ஒரே ஒரு கேள்வி: ஆல்டர்னேட்டர கழட்டறதுக்கு முந்தி சார்ஜிங் எத்தன வோல்ட் இருந்துச்சு, எழுதிக் குடுங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி ஈரோடு மாவட்ட ஆணையத்துக்கு போவேன்னும் எழுதுனேன். இது நெறைய பேருக்கு தெரியறதில்லைங்க, கடை கோயமுத்தூர்ல இருந்தாலும் நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குனதுக்கு ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிட்டு புகார் பதிஞ்சு அந்த நம்பரையும் லெட்டர்ல போட்டேன்.

ஒம்பது நாள் கழிச்சு அவிங்க சர்வீஸ் மேனேஜரே கூப்பிட்டாரு. "வாரண்டில வராது"ங்கற பேச்சே வரல. வோல்ட் கேள்விக்கு அவர்கிட்ட பதில் இல்ல, எந்த அளவும் எடுத்து வெக்கலைன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. நான் கேட்டது மூணு: அவிங்க வாங்குன 4,600, கோபில ஆன 9,400, அஞ்சு செவ்வாக்கிழமைக்கு டாக்ஸிக்கு குடுத்த 9,000. மொத ரெண்டும் 14,000 ஒரு மாசத்துல அக்கவுண்ட்டுக்கு வந்துருச்சு. டாக்ஸி காச தர முடியாதுன்னுட்டாங்க. அதுக்காக கேஸ் போடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், ஆஸ்பத்திரிக்கு அலையறதுக்கே நாள் பத்தாததால விட்டுட்டேன். அது நியாயம்னு நான் ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லைங்க.

பழைய வண்டி பாக்கப் போறவங்க கண்ணாடி வருசக் குறிய ஒப்பிட்டுப் பாத்துருங்க, மிதியடிய தூக்கி கார்பெட்ட கையால அமுத்திப் பாருங்க, வெளில வாங்கி மாட்டுன செட்டு இருந்தா அதோட வயரிங்க ஒரு எலக்ட்ரீசியன வெச்சு பாத்தே ஆகணும். 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி யாவாரிங்க ஆர்டிஓ ஆபீஸ்ல அங்கீகாரம் வாங்கணும்னு விதி இருக்குது, அந்த சான்றிதழ காட்டச் சொல்லுங்க.

சரி பண்ணி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு ஐப்பசி மழையப் பாத்தாச்சு, கார்பெட்டு காஞ்சு கெடக்குது. செவ்வாக்கிழமை அஞ்சே காலுக்கு நான் சாவிய திருப்பறப்ப எங்கய்யன் இன்னும் போன கைல புடிச்சுட்டு தான் உக்காந்துருக்காரு, எஞ்சின் சத்தம் கேட்டப்பறம் தான் அத சட்டப் பையில போடறாரு.