ஆத்தாவும் அப்பச்சியும்: சிங்கப்பூரிலா, காரைக்குடியிலா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் செட்டிநாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இதே குழப்பம்: ஆத்தா, அப்பச்சி என்று நாம் கூப்பிடும் பெற்றோரை அழைத்துக்கொள்வதா, ஊரிலேயே விட்டு அடிக்கடி போய்வருவதா?

அனுமதி
சிங்கப்பூர்: எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர் பெற்றோருக்கு நீண்டகால விசா கேட்க, மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். பலருக்குப் பேச்சு இதோடு முடிந்துவிடும்.
ஊர்: அந்தக் கவலை இல்லை.

மருத்துவம்
சிங்கப்பூர்: அந்த விசாவில் அரசு மானியம் கிடையாது, முழுக் கட்டணம்.
ஊர்: செலவு குறைவு. ஆனால் ராத்திரி நெஞ்சு வலித்தால் கூட்டிப்போக ஆள் வேண்டும். நீங்கள் திருச்சிக்கு நேரடி விமானம் பிடித்தாலே நாலு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் கார்.

மனசு
சிங்கப்பூர்: பேரன் மடியில் இருப்பான், சரி. அவன் பள்ளிக்கும் நீங்கள் வேலைக்கும் போனபின் பகல் முழுக்கப் பூட்டிய பிளாட். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி முருகன் கோயிலுக்குக்கூட ஒருவர் கூட்டிப்போக வேண்டும்.
ஊர்: வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்தால் பங்காளி வீட்டு ஆச்சி வந்து பேசுவார். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஆண்டு ஓடும். பேரன் மட்டும் வீடியோ காலில்.

இருவரும் நடமாட்டத்தோடு இருந்தால் ஊர்தான் நல்லது என்பேன். துணைக்கு நம்பகமான ஆள் வைத்து, ஜூன், டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். ஒருவர் தனியாகிவிட்டால், சம்பளமும் இடம் கொடுத்தால், அழைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் முதலில் அவர்களைக் கேளுங்கள்.