கடுக்காய்ப் பொடி: ரொம்ப வருஷமா சாப்பிடறேன், எதுக்கு கேக்குது எதுக்கு ஆதாரம் இருக்கு

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடிய வெந்நீர்ல கலக்கி குடிக்கறது எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம், அதனால "நெஜமாவே வேலை செய்யுதா"ன்னு தெரிஞ்சவங்க கேட்டுட்டே இருப்பாங்க. செய்யுது. ஆனா எந்த வேலைன்னு பிரிச்சுதான் சொல்லணும், ஏன்னா என் உடம்பு சொல்றதும் ஆராய்ச்சி சொல்றதும் எல்லா விஷயத்துலயும் ஒத்துப் போகல.

வயித்துல ஆரம்பிக்கறேன், நான் சாப்பிடறதே அதுக்குத்தான். நாள் முழுக்க உக்காந்து பாக்கற வேலை, மலச்சிக்கல் கூடவே வந்தது. பொடி ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே காலைல முக்காம போக முடிஞ்சது, வெளியூர் போய் ரெண்டு மூணு நாள் விட்டா மறுபடி இறுக ஆரம்பிச்சிடும், இது எனக்கு திரும்பத் திரும்ப நடந்திருக்கு. ஆனா ஆதாரம்னு பாத்தா இங்கதான் மெலிசா இருக்கு. எலிகள வெச்சு பண்ணதும், நெல்லி தான்றியோட சேத்து திரிபலாவா மனுஷங்களுக்குக் குடுத்ததும்தான் அதிகம், திரிபலால பண்ணா அதுல கடுக்காய்க்கு எவ்வளவு பங்குன்னு யாரும் பிரிச்சுட முடியாது. என் விஷயத்துலயும் வெந்நீருக்கும் தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கறதுக்கும் ஒரு பங்கு இருக்கும்னுதான் நினைக்கறேன்.

வாய் விஷயத்துல ஆதாரம் இன்னும் நல்லா இருக்கு. பல்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமிய கடுக்காய் சாறு அடக்குதுன்னு லேப்ல மட்டும் இல்லாம, மனுஷங்க வாயிலயே கொப்பளிக்க விட்டு, பல் டாக்டருங்க எழுதிக் குடுக்கற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷோட ஒப்பிட்டும் நம்ம நாட்டுல பாத்திருக்காங்க. பல்லுல படியற பிளாக், ஈறு வீக்கம் ரெண்டும் குறைஞ்சிருக்கு, குளோர்ஹெக்சிடினுக்கு உள்ள பல்லுல கறை பிடிக்கற பிரச்சனையும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எல்லாம் சின்னச் சின்ன ட்ரையல், குறுகிய காலம், அத மறக்கக் கூடாது. எனக்கு ஈறுல ரத்தம் வர்றது கடுக்காய் போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணில கொப்பளிக்க ஆரம்பிச்ச பிறகு நல்லாவே குறைஞ்சது, ஆனா அதோட பல் கிளீனிங்கும் பண்ணிக்கிட்டேன்.

சுகருக்குத்தான் நிறைய பேர் கேக்கறாங்க. ஹைதராபாத் நிஜாம்ஸ் இன்ஸ்டிடியூட்ல டைப் 2 சுகர் உள்ளவங்ககிட்ட 12 வாரம் பண்ண ஒரு ட்ரையல் 2020ல வெளியாச்சு, மாத்திரை மாதிரியே இருக்கற ஆனா மருந்து இல்லாத பிளாசிபோவும் வெச்சு ஒழுங்கா பண்ணது. ரத்தக்குழாயோட உள்சுவர் வேலை செய்யற விதம் முன்னேறிச்சு, அழற்சிய காட்டற அளவுகளும் கொழுப்பும் சரியாச்சு. கேக்க சந்தோஷமா இருக்கு. ஆனா அவங்க குடுத்தது தரப்படுத்தின தண்ணி எக்ஸ்ட்ராக்ட், மில்லிகிராம் கணக்குல, நாம நாட்டு மருந்துக் கடைல வாங்கற பொடி இல்ல. இத நம்பி யாரும் டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்க, உண்மையாவே கெஞ்சிக் கேக்கறேன். மாத்திரையோட சேத்து சாப்பிட்டா சுகர் சட்டுனு இறங்கவும் வாய்ப்பிருக்கு, அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க.

புத்துநோய அழிக்கும்னு வர்ற ஃபார்வர்டுங்க பத்தி ஒண்ணு சொல்லணும். அதுங்க பெரும்பாலும் கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லு மேல நேரா சாற ஊத்தி பாத்தது. நாம முழுங்கினா நடக்கறது வேற, கடுக்காய்ல இருக்கற செபுலாஜிக் அமிலம் மாதிரி டேனின், அதாவது துவர்ப்பு குடுக்கற பொருள் எல்லாம் பெரிய மூலக்கூறு, அப்படியே ரத்தத்துல ஏறாது, குடல்ல இருக்கற பாக்டீரியா உடைச்சு யூரோலித்தின்னு வேற பொருளா மாத்தினாத்தான் கொஞ்சம் உள்ள போகும், அந்த பாக்டீரியா ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பொடி ஒருத்தருக்குக் கேக்கறது இன்னொருத்தருக்கு ஒண்ணும் பண்ணாம போறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இந்த டேனினால கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இரும்பு. கரைச்ச கடுக்காய்த் தண்ணிய இரும்புக் கரண்டியால கலக்கிட்டு கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க, மஞ்சளா இருந்த தண்ணி நீலம் கலந்த கறுப்பா மாறிடும், அந்தக் காலத்துல இப்படித்தான் எழுதற மையே காய்ச்சினாங்க. கலம்காரி துணில கறுப்பு பிடிக்கறதும் இதே சங்கதிதான். வயித்துக்குள்ளயும் டேனின் இரும்ப இப்படிப் பிடிச்சுக்கும், அதனால ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுக்கறவங்க ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, காலைல மாத்திரை ராத்திரி பொடின்னு வெச்சுக்கிட்டா நல்லது.

வாங்கறது முழுக் காயா வாங்குங்க, பாக்கெட் பொடில கொட்டையும் சேத்து அரைச்சிருந்தா நமக்குத் தெரியாது. கடுக்காய்க்கு அகநஞ்சு, அதாவது உள்ள இருக்கற கொட்டைய எடுத்துடணும். காய் கனமா இருக்கணும், தண்ணில போட்டா முழுகணும்னு பழைய நூல்கள்லயே இருக்கு, சுருங்கி லேசா மிதக்கறத நான் ஒதுக்கிடுவேன். உரல்ல வெச்சு ஒரு தட்டு தட்டினா தோல் பாளம் பாளமா விட்டு வரும், அத மட்டும் வெயில்ல காயவெச்சு அரைச்சா வெளிர் மஞ்சளா, மூக்குல ஏறற மாதிரி பொடி கிடைக்கும். நாக்குல வெச்சா மொதல்ல துவர்ப்பு இழுத்துப் பிடிக்கும், அப்புறம் தண்ணி குடிச்சா லேசா இனிக்கும்.

ஆயுர்வேத மருந்துக் குறிப்புல ஒரு நாளைக்கு 3லேர்ந்து 6 கிராம் வரைக்கும்னு இருக்கு, எனக்கு அதுக்கும் கீழயே போதும், கூட்டினா வயித்த முறுக்கி பேதி ஆகுது. பிஞ்சுக் கடுக்காய் வேற சரக்கு, வேகமா பேதிக்குப் போகும், மாத்தி வாங்கிடாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, உடம்பு மெலிஞ்சு பலவீனமா இருக்கறவங்க, பட்டினி விரதத்துல இருக்கறவங்க சாப்பிடக் கூடாதுன்னு ஆயுர்வேதமே சொல்லுது. மலச்சிக்கல் புதுசா வந்து கூடவே ரத்தம் போனாலோ எடை குறைஞ்சாலோ பொடிய தேடாம நேரா டாக்டர பாருங்க.