டாஃப் எடுக்க எது: கையா, வண்டியா, பிரேமோடு வரும் டாஃபரா?

ராஜாஜிநகரில் அலுவலகம், நஞ்சன்கூடு பக்கம் மில் என்று நடத்துகிற தமிழ் முதலாளிகள் பெங்களூரில் சிலர் உண்டு. இவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ஒரு இடத்துக்கு வந்துவிடுகிறது: டாஃப் எடுக்க ஆள் கிடைக்கவில்லை, அதற்கென்று வரும் இயந்திரம், ஆட்டோ டாஃபர், போட்டுவிடலாமா? விற்க வருகிறவரும் கூலிக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறார். ஷிஃப்டுக்கு இத்தனை ஆள் மிச்சம், மாதத்துக்கு இத்தனை ரூபாய், இத்தனை வருடத்தில் போட்ட பணம் கைக்கு வரும் என்று. பொய்க் கணக்கு இல்லை, பாதிக் கணக்கு. மீதிப் பாதி, நீங்கள் எந்த நம்பர் நூல் (நம்பர் ஏற ஏற நூல் மெலிசு) ஓட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

மில்லுக்குள் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரத்தில், ரோவிங் என்கிற தடித்த பஞ்சுத் திரி இழுபட்டு, முறுக்கேறி, கதிரில் செருகிய பாபினில் நூலாகச் சுற்றுகிறது. பாபின் நிறைந்ததும் பிரேமை நிறுத்தி, நிறைந்ததை உருவி, காலியைச் செருகி, மறுபடியும் ஓட்ட வேண்டும். அதுதான் டாஃப். அது முடியும்வரை ஆயிரம் கதிரும் சும்மா நிற்கும்.

எத்தனை தடவை நிற்கும் என்பதுதான் கேள்வி. 20-ஆம் நம்பர் நூல், நிமிடத்துக்கு 16,000 சுற்று, பாபினில் 55 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாபின் நிறைந்துவிடும். ஒரு நாளைக்கு 16 டாஃப். நூல் மெலிய மெலியப் பாபினில் ஏறும் எடையும் குறையும்; அதையும் சேர்த்தால் 40-ஆம் நம்பருக்கு மூன்று மணி நேரம், 8 டாஃப். 80-ஆம் நம்பர் என்றால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாளைக்கு நான்குகூடத் தேறாது. 1,008 கதிர் உள்ள பிரேமில் கையால் டாஃப் எடுக்க ஆறு நிமிடம், இயந்திரத்துக்கு இரண்டரை நிமிடம் என்று கொள்வோம். ஒவ்வொரு டாஃபிலும் மூன்றரை நிமிட லாபம். அதை நூலாக மாற்றினால் 20-ஆம் நம்பரில் பிரேம் ஒன்றுக்கு நாளைக்கு 35 கிலோ போலக் கூடுதலாக வரும். 40-இல் ஏழு கிலோ. 80-இல் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மெல்லிய நூலுக்கு விலை அதிகம் என்பது சரி. அதற்காக முப்பது மடங்கா அதிகம்? ஆக, ஒரே டாஃபரை ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மில்களில் ஒருவர் கொழிப்பார், இன்னொருவர் பாங்க் மேலாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கையால் எடுப்பதைக் கேவலமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. என் மாமனார் பின்னி மில்லில் டாஃபராக, அதாவது டாஃப் எடுக்கும் ஆளாக நுழைந்து, இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜாபராக ஓய்வு பெற்றவர். உலகமெங்கும் ஆரம்பத்தில் இது சிறுவர்களின் வேலை. சின்ன விரல்கள், வேகமான கால்கள். இந்தியாவில் 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொன்னது. அப்படியென்றால் ஏழு வயதுக்காரனை வைக்கலாம் என்றுதானே அர்த்தம்! அந்தக் காலம் போய்விட்டது, நல்லது. ஆனால் தேர்ந்த டாஃபரின் கையில் இருந்த அறிவு எந்த இயந்திரத்துக்கும் இன்னும் முழுதாக வரவில்லை. விளிம்பு உடைந்த பாபின் கையில் பட்ட உடனே அவன் அதை ஒதுக்கிவிடுவான். கதிர் ஆடினால் ஜாபரைக் கூப்பிடுவான். நூல் நுனி பாபினுக்கு அடியில் சிக்கும்படி செருகினால்தான் பிரேம் கிளம்பும்போது இழை அறாது என்பது அவன் விரலுக்குத் தெரியும். நேற்று 30, இன்று 40, நாளை மறுநாள் வேறு கலப்பு என்று ஓட்டும் சின்ன மில்லுக்கு இது லேசான விஷயம் இல்லை.

கையின் உண்மையான பலவீனம் வேகம் அல்ல, வரிசை. இருபது பிரேம், 20-ஆம் நம்பர், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் நிறைகிறது. ஒரு குழுவுக்குப் பிரேமுக்கு ஆறு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 120 நிமிடம். இருப்பதோ 90. இரண்டு குழு வைத்தாக வேண்டும். வைத்தாலும் மூன்று பிரேம் ஒரே சமயத்தில் நிறைந்தால் ஒன்று காத்துத்தான் கிடக்கும். இரவு ஷிஃப்டில் இரண்டு பேர் வரவில்லை என்றால் காத்துக் கிடப்பவை நான்காகும், ஐந்தாகும். பிரேம் நின்றிருக்கும் இந்த நேரம் பெரும்பாலான மில்களின் ரிப்போர்ட்டில் 'டாஃப்' என்று ஒரே தலைப்பில் விழுகிறது. உண்மையில் டாஃப் எடுத்த நேரம் எவ்வளவு, ஆளுக்குக் காத்திருந்த நேரம் எவ்வளவு என்று ஒரு வாரம் பிரித்து எழுதச் சொல்லுங்கள். டாஃபர் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எழுதச் சொன்னால் ஸ்பின்னிங் மாஸ்டர் முகம் சுளிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்தது வண்டி. பிரேமின் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு கொத்தாகச் சில பாபின்களை உருவி, காலியைச் செருகி, அடுத்த கொத்துக்குப் போகும் இயந்திரம். தண்டவாளத்தில் ஓடுவதும் உண்டு, ஆள் தள்ளிக்கொண்டு போவதும் உண்டு. சீனாவின் பழைய மில்களில் பரவலாகப் பிடித்துக்கொண்டது இந்த வகைதான். காரணம் எளிது: பிரேமில் பெரிதாக எதையும் பிரித்து மாற்ற வேண்டியதில்லை, ஒரு வண்டியைப் பல பிரேம்களுக்கு ஓட்டலாம், பழுதானால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையால் எடுக்கலாம்.

வண்டியை விற்கிறவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அது ஆளை மிச்சப்படுத்தும், நிமிடத்தை அவ்வளவாக மிச்சப்படுத்தாது. ஐந்து பேர் கொண்ட குழு பிரேமின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கி வேலை செய்கிறது. வண்டி ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய், பிறகு அடுத்த பக்கம் திரும்ப வேண்டும். கடைசிக் கொத்து முடியும்வரை முதல் கொத்தும் நின்றுதான் கிடக்கிறது. வரிசைப் பிரச்சினையும் அப்படியே. ஆளுக்குக் காத்திருந்த பிரேம் இனி வண்டிக்குக் காத்திருக்கும். எனவே 400, 500 கதிர் உள்ள குட்டைப் பிரேம்கள், நடுத்தர நம்பர், ஆள் பஞ்சம் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் வண்டி கச்சிதம். ஆயிரத்துக்கு மேல் கதிர் உள்ள நீளப் பிரேமில், அதுவும் தடித்த நூலில், வண்டியை விடுவது வேலை தெரியாதவர் செய்யும் காரியம்.

மூன்றாவது, பிரேமோடு சேர்ந்தே வரும் டாஃபர். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. பிரேமின் இரு பக்கமும் அடியில் ஒரு நீளப் பட்டை, அதில் காலி பாபின்கள் வரிசையாகக் காத்திருக்கும். டாஃப் நேரம் வந்ததும் கத்தரி போல விரியும் கைகள் ஒரு நீண்ட சட்டத்தை உயர்த்துகின்றன. சட்டம் ஒரே நேரத்தில் எல்லாப் பாபின்களின் தலையையும் பிடித்து உருவி, கீழே வைத்து, காலியை எடுத்துச் செருகுகிறது. ஆயிரம் கதிரானாலும் இரண்டாயிரம் கதிரானாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். பிரேம்கள் இவ்வளவு நீண்டதற்கே இதுதான் காரணம். சாவுரர் நிறுவனத்தின் சின்சர் வரிசைப் பிரேமில் கதிர்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன. கையால் எடுப்பதாக இருந்தால் அப்படியொரு நீளத்தை யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரின் எல்.எம்.டபிள்யூ. பிரேமும் சரி, நம் ஜிகணியில் 1995-இல் கிர்லோஸ்கரோடு சேர்ந்து தொடங்கிய டொயோட்டா ஆலையின் பிரேமும் சரி, டாஃபரோடுதான் அதிகம் விலை பேசப்படுகின்றன. ஒவ்வொரு பிரேமுக்கும் சொந்தக் கை இருப்பதால் வரிசை என்பதே கிடையாது. விற்பவர்கள் ஏனோ இதைக் கடைசியில் சொல்கிறார்கள். முதலில் சொல்ல வேண்டியது இது.

பலவீனம் எங்கே என்பதைப் பீன்யாவில் ஒரு பட்டறையில் கிட்டத்தில் பார்க்கலாம். உதிரி பாகம் செய்துகொடுக்கிற இடம். மெஷினில் நிற்பவர்களில் பாதிப் பேர் திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள். மேசை மேல் டாஃபர் சட்டத்தின் ஒரு துண்டு கிடந்தது. 70 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கிண்ணம் போன்ற பிடிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் மெல்லிய ரப்பர் உறை. ஃபிட்டர் காற்றுக் குழாயைத் திறந்தார். உறை உப்பி, உள்ளே விட்ட பாபின் நுனியைக் கவ்வியது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மூடினார், பாபின் கையில் விழுந்தது. பிறகு இன்னொரு பிடியைத் திருப்பிக் காட்டினார். உறையில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை. "இது ஒன்று போதும் சார், பிரேமையே நிறுத்திவிடும்" என்றார். அந்தப் பாபின் கதிரிலேயே நின்றுவிடும். அதன் தலையில் காலி பாபின் போய் மோதும். சென்சார் பார்த்துப் பிரேமை நிறுத்தும். ஆள் ஓடி வர வேண்டும். மற்ற 1,007 கதிரும் இந்த ஒன்றுக்காக நிற்கும். கையால் எடுத்த காலத்தில் ஒரு பாபின் அடம் பிடித்தால் அது அந்த ஒரு பாபினின் பிரச்சினையாக மட்டும் இருந்தது.

எனவே டாஃபர் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒழுங்கை. எல்லாப் பாபினும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். உட்துளை தேய்ந்தது, வெயிலில் வளைந்தது, நாலு கம்பெனிச் சரக்கைக் கலந்து வாங்கியது எல்லாம் வெளியே போக வேண்டும். கம்ப்ரசர் காற்றில் ஈரமோ எண்ணெயோ வரக்கூடாது, அழுத்தம் இறங்கக்கூடாது. பாபின் செலவை முன்கூட்டியே சேர்க்காமல் டாஃபர் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், பிறகு இயந்திரத்தைத் திட்டுகிறார்கள்.

இன்னொன்று நூலின் நுனி. டாஃபுக்கு முன், பாபினில் நூலை ஏற்றி இறக்கிச் சுற்றும் சட்டமான ரிங் ரெயில் கீழே இறங்கி, கதிரின் அடியில் சில சுற்று நூலைச் சுற்றிவிடும். பாபினை உருவும்போது நூல் இடையில் அறுந்து, அடியில் உள்ள பிடிப்பினால் புது பாபினில் சுற்றத் தொடங்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு டாஃபிலும் அடிச்சுற்று மிச்சம் நிற்கும். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் பஞ்சாகப் பறந்து பக்கத்து நூலில் ஏறும். இதற்குத்தான் ரீட்டரின் சர்வோகிரிப், நோவிப்ராவின் குரோகோடாஃப் போன்ற கவ்விகள் வந்தன: சுற்றுவதற்குப் பதில் நூலைக் கதிரின் அடியில் கவ்விப் பிடிக்கின்றன, மிச்சம் வெகுவாகக் குறைகிறது. 20-ஆம் நம்பரில் நாளைக்கு 16 டாஃப் எடுப்பவர் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். 80 ஓட்டுபவர் சாதாரணக் கதிரோடு, சுத்தம் செய்ய ஒரு ஆளோடு நிம்மதியாக இருக்கலாம்.

பழைய பிரேமில் இந்த முழு டாஃபரைப் பிற்பாடு பொருத்தித் தருகிறோம் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன். இருபது வருடம் ஓடிய பிரேமின் தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும், கதிர்கள் நூலளவு விலகியிருக்கும். கையால் செருகும்போது அந்த விலகலை விரல் சரிக்கட்டிக்கொண்டது, சட்டம் சரிக்கட்டாது. பிரேமைச் சமப்படுத்தி, கதிர்களை மையம் பிடித்து, பாபினை மாற்றி, காற்று லைன் போட்டு முடிக்கும்போது செலவு புது பிரேம் விலையை எட்டிப் பார்க்கும். என் அபிப்பிராயம்: பத்து வருடத்துக்கு உட்பட்ட நல்ல பிரேமுக்கு இதை யோசிக்கலாம், மற்றதற்கு வண்டி.

லிங்க் கோனர், அதாவது பாபின் நூலைக் கோனில் சுற்றும் இயந்திரத்தைப் பிரேமோடு இணைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. டாஃபர் எடுத்த பாபின் கூடைக்குப் போகாமல் நேரே கோனருக்குப் போவது நல்லது. நூல் நம்பர் கலந்துபோகும் தொல்லை ஒழியும், நூலில் கை படாது. ஆனால் ஒரு பிரேமையும் ஒரு கோனரையும் கட்டிப் போடுகிறீர்கள். ஒரே நம்பரை ஆண்டு முழுக்க ஓட்டுகிறவருக்கு வரம். வாரம் ஒரு ஆர்டர் மாற்றுகிறவருக்குத் தலைவலி. அறுந்த இழையைத் தானே ஒட்டும் ரோபோவை ரீட்டர் 2019-இல் பார்சிலோனா கண்காட்சியில் காட்டியது. பார்க்கப் பிரமாதம். டாஃபையே இன்னும் ஒழுங்கு செய்யாத மில்லுக்கு அது அவசரமில்லை.

கடைசியாக, கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியது. அதே டாஃபர், உங்கள் நம்பருக்குப் பக்கத்து நம்பரில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மில் எது என்று கேளுங்கள். பகலில் முதலாளியோடு போகாதீர்கள், இரவு ஷிஃப்டில் போங்கள். நூறு டாஃபில் எத்தனை தடவை ஆள் தலையிட்டார் என்பதை அங்கே பிரேமைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தொழிலாளியிடம், சைடரிடம், கேளுங்கள். அந்த எண்ணைத்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எத்தனை நொடியில் டாஃப் முடிகிறது என்ற எண்ணை அல்ல.