ஆடிக் காற்றைக் காட்டி வீட்டுக் காத்தாடி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பல்லடம், உடுமலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் காற்றில் மின்சாரம் எடுக்கும் காத்தாடி போடலாம் என்று நினைத்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இரண்டு லட்சத்துச் சொச்சம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

போன வருஷம் ஆடியில் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். மொட்டை மாடியில் நின்று கையடக்கக் கருவி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார், பத்து நிமிஷம்கூட இருக்காது, விநாடிக்கு 9 மீட்டர் என்று காட்டினார். தூரத்தில் தெரியும் பெரிய காத்தாடிகளைக் காட்டி, "அங்க பாருங்கண்ணா, காத்து இல்லாமலா அத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்காங்க?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 1 கிலோவாட் மெஷின், மாடியில் 20 அடி பைப், தினமும் 6 யூனிட் நிச்சயம் என்று வாயால் சொன்னதோடு சரி, எழுத்தில் எதுவும் தரவில்லை.

ஆடி, ஆவணியிலேயே நல்ல நாளில் ஒரு யூனிட்தான் வந்தது. ஐப்பசிக்கு அப்புறம் வாரக்கணக்கில் பேட்டரி ஏறவே இல்லை. காற்று அடிக்கிற ராத்திரிகளில் பைப் அதிரும், அந்த அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறை வரை இறங்கும், அம்மா அந்த அறையில் படுப்பதையே விட்டுவிட்டார். போன் செய்து கேட்டால், "மெஷின்ல குறை இல்லைங்க, உங்க இடத்துல காத்து பத்தல" என்கிறார்கள். அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லத்தானே ஆள் வந்தது!

பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரைதான் வேகமாக இருக்கும். வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 1 கிலோவாட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் விநாடிக்கு 11, 12 மீட்டர் காற்றுக்கு, 4 மீட்டர் காற்றில் அதே மெஷினில் 50 வாட் வந்தாலே பெரிது. தூரத்தில் தெரியும் பெரிய காத்தாடிகளோ 50, 80 மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, புதியவை 100 மீட்டரையும் தாண்டும். அங்கே அடிக்கிற காற்றும் என் மாடிக் காற்றும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு தென்னந்தோப்பு. வீட்டுக்கு நேர் மேற்கே, 100 அடி தூரத்தில், 50 அடி உயர மரங்கள். காற்று வருகிற திசையே அதுதான். தடுப்புக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போல இருபது மடங்கு தூரம் வரை, இரண்டு மடங்கு உயரம் வரை காற்று கலங்கிச் சுழலும் என்று கணக்கு, அதாவது என் வீடு முழுக்க அந்தச் சுழலுக்குள்ளேதான் இருக்கிறது. இறக்கையின் கீழ்நுனி, 500 அடி தூரத்துக்குள் உள்ள எதையும் விடக் குறைந்தது 30 அடி மேலே இருக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால், இறக்கையின் நீளத்தையும் சேர்த்து, எனக்கு 85 அடிக்கு மேல் கோபுரம் வேண்டும், அது சாயாமல் பிடிக்க இழுவைக் கம்பி கட்டத் தனியாக இடமும் வேண்டும். மரமும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை, தோப்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

யாராவது இடம் பார்க்க வந்தால், காத்தாடி நிற்கப்போகும் உயரத்திலேயே காற்றுமானி கட்டி ஒரு வருஷம் அளக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் நீங்களே ஒரு பட்டம் விட்டுப் பாருங்கள், நூலில் பத்தடிக்கு ஒரு துணி நாடா கட்டி. எந்த உயரம் வரை நாடா கண்டபடி துடிக்கிறதோ அதுவரை உங்களுக்கு உதவாத காற்று. என் வீட்டில் தோப்பின் உச்சியைத் தாண்டியும் வெகு உயரம் வரை துடித்தது.

காத்தாடியை இப்போது கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் ஒரு நாள் வந்து நேரில் பாருங்கள், மாதவாரியாக எழுதிவைத்த யூனிட் கணக்கு நோட்டையும் தருகிறேன்.