கல் உப்பா, படிகாரமா? வீட்டில் படிகம் வளர்க்க எது தோது

உப்பு சமையலறையிலேயே இருக்கிறது. படிகாரத்துக்கு நாட்டு மருந்துக் கடை வரை போகவேண்டும். ஆனாலும் சென்னைக்குப் படிகாரம்தான்.

காரணம் கரைதிறன். 100 மி.லி. நீரில் உப்பு 20 டிகிரியில் 36 கிராம் கரையும். கொதிநிலையிலும் 39 கிராம்தான். ஆறவைத்துப் பயனில்லை, நீர் வற்றவேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் செறிந்த உப்புக் கரைசல் வற்றாது. ஐப்பசி அடைமழையில் கிண்ணம் அப்படியே கிடக்கும், பிள்ளை தினமும் எட்டிப் பார்த்து ஏமாறும். சித்திரை வெயிலில், தட்டையான தட்டில் ஊற்றினால் குட்டிக் கனசதுரங்கள் கிடைக்கும். தூள் உப்பு வேண்டாம்; கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் கலங்கும்.

படிகாரமோ சூட்டில் பலமடங்கு கரைந்து, ஆறும்போதே வெளியே வரும். நன்கு சூடான 200 மி.லி. நீரில் 60 கிராம் பொடித்த படிகாரம். ஊற்றுவது பெரியவர் வேலை. துணியில் வடிகட்டி ஓரிரவு விடுங்கள். அடியில் சேர்ந்த படிகங்களில் பட்டை தெளிந்த ஒன்றை விதைப் படிகமாக எடுத்துத் தூண்டில் நரம்பில் கட்டி, மேல் தெளிவை வேறு சீசாவில் ஊற்றித் தொங்கவிடுங்கள். நூலில் கட்டினால் நார் முழுக்கப் பொடிமணிகள் அப்பிக்கொள்ளும். விதைப் படிகம் காணாமல் போனால் கரைசல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் மணல்தான் மிஞ்சும். பொறுத்தால் ஒரு வாரத்தில் எண்முகப் படிகம்.